அம்புக்குறி காட்டிய காடு

சிவகரனுக்கு அந்த விளையாட்டைப் பழக்கியவன், ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த அவனுடைய பெரியம்மாவின் மகன். ஒருவர் ஒரு சிறிய பெட்டியை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். யாரும் வந்து, கையிலுள்ள கருவி காட்டும் அம்புக்குறியின் வழியே போய்த் தேடலாம். கண்டெடுத்தவர் உள்ளே இருக்கும் தாளில் தன் பெயரை எழுதி, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான், பரிசென்று ஒன்றும் கிடையாது. திரும்பிப் போகும்போது அவன் தன்னுடைய பழைய கருவியைச் சிவகரனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

கல்யாணமான புதிதில் பிரசாந்திக்கு இது விசர்வேலையாகத்தான் தெரிந்தது. சிவகரன் கடைகளுக்குக் கண்காணிப்புக் கமரா பூட்டுகிறவன். அவள் சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வட்டுக்கோட்டை வயல்வெளிப் பக்கம் போய்விடுவான்.

“என்னப்பா, இந்த ஊரிலை பெட்டி ஒளிச்சு வைச்சால் ஆமி சும்மா விடுமோ?”

“அதுக்குத்தானே உள்ளுக்கை கிடக்கிறது தெரியிற பெட்டியா வாங்கினனான். மேலை மூண்டு பாஷையிலையும் விளையாட்டுப் பெட்டியெண்டு எழுதியும் கிடக்கு. இஞ்சை, நீரே பாரும்.”

அவள் பயந்தது போலவே ஒரு நாள் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து மறித்தார்கள். சிவகரன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினான். கடைசியில் அவர்களில் இளையவன் கருவியை வாங்கிக்கொண்டு தானே தேடிப்போய், பனைக்குக் கீழே பெட்டியைக் கண்டதும் துள்ளினான். அன்றைக்கு வீடு வரும்வரை பிரசாந்தி பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். அதன் பிறகு ஞாயிறு எப்போது வரும் என்று அவளும் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு பேருமாக மூன்று பெட்டிகள் வைத்தார்கள்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷத்தோடு எல்லாம் மாறியது. புதுக் கடை திறப்பார் இல்லை, கமரா பூட்டுவார் இல்லை. புத்தூரில் சிவகரனின் தகப்பன் ஏரம்பு போட்ட வெங்காயமும் அழுகிப் போயிற்று. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டார்கள். சிவகரனும் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்தான். ரஷ்யா, பிறகு பெலருஸ், பிறகு காட்டுக்குள்ளால் போலந்து, அங்கிருந்து ஜேர்மனி. பிரசாந்தி வேண்டாமென்று அழுதாள். “காட்டிலை வழி தெரியாமல் நிக்கிறவன் நானில்லை” என்று சொல்லி, அவன் கருவியையும் எடுத்துப் பையில் வைத்தான்.

கார்த்திகை மாதம் ஒரு பின்னேரம், அவள் கடையில் ஒருவருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

“கால் முறிஞ்சு போச்சு. மற்ற ஆக்கள் முன்னுக்குப் போயிட்டினம். ஆக்களை அனுப்புறமெண்டு சொன்னவை. போன் சாகப்போகுது, கருவியிலை இன்னும் பெற்றறி இருக்கு. நான் நிக்கிற இடம் இதுதான்.” கீழே இரண்டு வரிசை எண்கள்.

அவள் அவனுடைய போனுக்கு எடுத்தாள். அடிக்கவில்லை. ஏஜென்சிக்காரனுக்கு எடுத்தாள். “உதெல்லாம் வழமைதான் தங்கச்சி, பயப்பிடாதையுங்கோ, ஆள் போய்ச் சேர்ந்திடுவார்” என்றான். மறுபடி எடுத்தபோது அவனுடைய போனும் வேலை செய்யவில்லை.

சிவகரனின் தங்கை ஆரணி பல்கலைக்கழகத்தில் படிப்பவள். அவள் ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா இடத்துக்கும் எழுதினாள். அகதிகளுக்கு உதவும் ஒரு அமைப்பிலிருந்து மட்டும் பதில் வந்தது. அந்த எண்கள் இருக்கும் இடம் வெளியார் போக முடியாதபடி மூடிய எல்லைப்பகுதி, தாங்கள் உள்ளே போனால் பிடித்துவிடுவார்கள், இருந்தாலும் முயல்கிறோம் என்றார்கள்.

என்ன செய்வதென்று ஒன்றும் ஓடாமல் இருந்த பிரசாந்தி, சிவகரனின் விளையாட்டுக் கணக்கைத் திறந்து அந்த எண்களைப் போட்டாள். வரைபடத்தில் பச்சையாக ஒரு பெரிய காடு விரிந்தது. அதற்குள் ஒரு சின்னக் குறி.

“ஆரணி, இஞ்சை ஓடியாரும்! இதுக்குக் கிட்ட ஆரோ பெட்டி வைச்சிருக்கினம்.”

“அதுக்கென்ன அண்ணி?”

“வைச்ச ஆளுக்கு அந்தக் காடு தெரியுந்தானே. எழுதும். அவருக்கு எழுதும்.”

பெட்டி வைத்தவரின் பெயர் மாரெக். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஆரணி எழுதிக் கொஞ்ச நேரத்திலேயே பதில் போட்டார். அந்தப் பெட்டியை எல்லை மூடப்படுவதற்கு முன்னர் தானும் மகளும் வைத்ததாகவும், அந்தக் காட்டுப் பாதைகள் எல்லாம் தனக்குத் தெரியுமென்றும் எழுதியிருந்தார். உங்கள் கணவர் எங்களில் ஒருவர், இப்போதே புறப்படுகிறேன் என்று முடித்திருந்தார். பிரசாந்தி அந்தக் கடைசி வரியை ஆரணியைக் கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பித்தாள். ஏரம்பு, வீட்டுச் சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றவர், நின்றபடியே நின்றார்.

மாரெக்கை முதலாவது பாதையில் எல்லைக்காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். காலில் அடிபட்ட மனிதன் ஒருவன் உள்ளே கிடக்கிறான் என்று சொல்லி எண்களைக் காட்டினார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவர் வேறொரு பக்கத்தால் சுற்றி நடந்தார். தன் கருவியின் திரையைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். தூரம் குறைந்து குறைந்து வந்தது. இருநூறு மீற்றரில் நின்றுவிட்டது. முன்னால் சதுப்பு. இறங்கிப் பார்த்தவருக்கு நெஞ்சளவு தண்ணீர், பனி போலக் குளிர்ந்தது. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அவர் ஒரு குரல்பதிவு அனுப்பினார். ஒரு கிழவரின் குரல், “ஷிவகரான்! ஷிவகரான்!” என்று அடித்தொண்டையால் கூப்பிட்டது. பெயரை எப்படிச் சொல்வது என்று ஆரணிதான் எழுதிக் கொடுத்திருந்தாள். கூப்பிட்டுவிட்டு அவர் பேசாமல் நின்றார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. காற்றின் இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் காற்று.

பிரசாந்தி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். “ஏதோ கேட்டது. ஆரணி, ஏதோ கேட்டதெல்லோ?”

ஆரணி போட்டுப் பார்த்தாள். “எனக்கொண்டும் கேக்கேல்லை அண்ணி.”

சற்று நேரத்தில் காவலர்கள் மாரெக்கைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள், வழக்கும் எழுதினார்கள். எண்கள் இருந்த இடத்தைத் தாங்களே தேடியதாகவும், ஆள் இல்லை என்றும் அடுத்த நாள் அவருக்குச் சொன்னார்கள். சதுப்புக்கு அந்தப் பக்கம் வரை போனார்களா என்று அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

பிறகு அங்கே பனி கொட்டத் தொடங்கியது. பிரசாந்தி போனில் அந்தக் காட்டின் காலநிலையைப் பார்ப்பாள். காலையில் ஏரம்பு தோட்டத்துக்கு வெளிக்கிடும்போது கேட்பார்.

“அங்கை எப்பிடிப் பிள்ளை?”

“மைனஸ் ஒன்பது, மாமா.”

“இஞ்சையெண்டால் சேட்டுப் போட்டுக்கொண்டு நிக்க மாட்டான், உடம்பு வேர்க்குதெண்டு கத்துவான்” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்.

ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் ஆரணி விசாரித்தாள். எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. முன்னுக்குப் போனவர்களில் ஒருவன் ஜேர்மனி போய்ச் சேர்ந்து அவளுக்கு ஒருமுறை போன் எடுத்தான். “அக்கா, தூக்கிக்கொண்டுதான் போனனாங்கள். அவர்தான் விடச்சொன்னவர்” என்று சொல்லி அழுதான். அதை நம்புவதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பனி உருகி, எல்லைத் தடையும் தளர்ந்ததும் மாரெக் நண்பர்கள் இரண்டு பேரோடு மறுபடி போனார். இந்த முறை எண்கள் காட்டிய இடத்திலேயே போய் நின்றார்கள். விழுந்து கிடந்த மரம் ஒன்றின் கீழே இலைகளைக் குவித்து யாரோ படுத்த இடம் இருந்தது. ஈரத்தில் ஊறிய பிஸ்கற் பைக்கற்று. ஒரு சப்பாத்து. கருவியோ பையோ இல்லை. மாரெக் சப்பாத்தைப் படமெடுத்து அனுப்பி, இது அவருடையதா என்று கேட்டார்.

பிரசாந்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்பு. நாடா அவிழ்ந்திருந்தது. அளவு அவனுடைய அளவுதான். ஆனால் குளிருக்கென்று அவன் சப்பாத்து வாங்கியது ரஷ்யாவில். அவள் அதைக் கண்டதே இல்லை.

“அவன்ரையோ பிள்ளை?” என்றார் ஏரம்பு.

“தெரியேல்லை மாமா.”

“வடிவாப் பாரன்.”

“பாத்திட்டன். தெரியேல்லை.”

அந்தக் காட்டுக்குப் பக்கத்து ஊர்ச் சவக்காலையில் அந்தக் குளிர்காலத்தில் பெயர் தெரியாத ஒருவரைப் புதைத்திருந்தார்கள். மாரெக் விசாரித்துச் சொன்னார். ஆரணி அலைந்து ஒழுங்கு செய்ய, ஏரம்பு டிஎன்ஏ சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். முடிவு வர மாதக்கணக்காயிற்று. பொருந்தவில்லை. அன்றைக்கு ஏரம்பு கோயிலுக்குப் போய்த் தேங்காய் அடித்தார். என்ரை பிள்ளை இல்லை, என்ரை பிள்ளை இல்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த நாள் அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்தக் குழிக்குள்ளும் இல்லையென்றால் மகன் எங்கே கிடக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மாரெக்கும் எழுதுவது குறைந்தது. காட்டை மறுபடி மூடிவிட்டார்கள் என்றார். மன்னித்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார். அந்த மனிதர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று பிரசாந்தி அழுதாள்.

ஒன்றரை வருஷம் போனபின் ஏரம்பு அவளைக் கூப்பிட்டார். அவருக்கு நெஞ்சுவருத்தம் தொடங்கியிருந்தது.

“பிள்ளை, கிரியையைச் செய்துபோடுவம். நான் இருக்கேக்கை செய்தால்தான்.”

“செத்தவரெண்டு ஆர் மாமா சொன்னது?”

“ஒருத்தருஞ் சொல்லேல்லை. ஒருத்தருஞ் சொல்லவும் மாட்டினம். அவன் தண்ணி கேட்டு அலையிற மாதிரிக் கனவு வருது எனக்கு.”

அவள் மறுத்துப் பார்த்தாள். ஒரு கிழமை போனது. பிறகு, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்ததைக் கண்டபோது, “சரி மாமா” என்றாள்.

கீரிமலையில் ஐயர் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டார், “என்ன திதி?”

ஏரம்பு ஆரணியைப் பார்த்தார். ஆரணி குனிந்துகொண்டாள்.

“திதி தெரியாட்டி அமாவாசையிலை வைக்கலாம்,” என்றார் ஐயர். “ஆனால் நாள் தெரிஞ்சால் நல்லது. கடைசியாக் கதைச்ச நாளைச் சொல்லுங்கோவன்.”

“அண்டைக்கு அவர் உயிரோடை இருந்தவர்,” என்றாள் பிரசாந்தி. “அடுத்த நாளும் இருந்திருப்பார். கருவியிலை பெற்றறி இருந்தது. ஆக்கள் வருவினமெண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பார்.”

பக்கத்தில் வேறொரு குடும்பம் தங்கள் காரியத்தை முடித்துக்கொண்டு கேணிப் பக்கம் இறங்கிப் போனது.

அவள் போனை எடுத்தாள். அந்தக் காட்டின் பழைய காலநிலையைத் தேடினாள். அந்த வருஷம் அங்கே முதல் பனி கொட்டிய நாளைக் கண்டுபிடித்தாள். அதற்கு மேல் அவனால் தாங்கியிருக்க ஏலாது. அந்தத் தேதியை ஐயரிடம் சொன்னாள்.

ஐயர் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டி, “வளர்பிறை, பூர்வபக்க தசமி,” என்றார். ஏரம்பு தர்ப்பையை வாங்க விரலை நீட்டினார்.