காற்றுப் போகும் துணி

கத்தாரிலிருந்து கணவன் நஸ்மீர் கொண்டுவந்த பளபளப்பான கறுப்புத் துணியில்தான் ஸுஹைனா அபாயா தைத்திருந்தாள். எங்கே போனாலும் அதையே உடுத்தாள். கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு பகலில், கல்யாண வீட்டிலிருந்து வந்து அவள் முக்காட்டைக் கழற்றியபோதுதான், கழுத்தைச் சுற்றிச் சிவந்து கிடந்த வேர்க்குருவை நஸ்மீர் கண்டான். உடனே காத்தான்குடிக் கடைத்தெருவுக்குப் போனான்.

கடையில் ஒவ்வொரு துணியையும் வாயருகே பிடித்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“என்ன தம்பி, சீலைக்கு ஓதி ஊதுறீங்களா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

“காத்துப் போகுதா எண்டு பாக்கிறன் காக்கா.”

மெல்லிய பருத்தித் துணி ஒன்றில் மூச்சு முழுதாக உள்ளங்கையைத் தொட்டது. அதையே வெட்டுவித்து வாங்கி வந்து ஸுஹைனாவின் மடியில் வைத்தான்.

“அந்தக் கத்தார்ச் சீலை சுடுது எண்டு முதலே சொல்லியிருக்கலாமே புள்ள?”

“நீங்க பாலைவனத்தில கிடந்து உழைச்சு வாங்கின சீலை மச்சான். எப்பிடிச் சொல்ற?”

“அங்க வெந்தது நான். இஞ்ச நீயும் வேகணுமா?”

ஸுஹைனா புதுத் துணியின் ஓரத்தால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“ஐயோ, புதுச் சீலை புள்ள!”

“வேர்வைய நல்லா இழுக்குது” என்றவள், அவன் கழுத்தையும் துடைத்துவிட்டாள்.