பூட்டிய வீடும் மறுத்த வீடும்

"ஒரு பதினஞ்சு நாளைக்குப் புகை போடாம இருப்பியா, சம்பங்கி?"

சென்னம்மாள் இப்படிக் கேட்டபோது சுவருக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது. ஓசூர்ப் பக்கத்து ஜூஜுவாடிக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி ஐந்து ஓட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்றன. வீட்டுக்கு வீடு நடுவில் கழுத்து உயரத்துக்கு மண்சுவர் இருந்தது. அதற்கு மேல் ஓடு வரைக்கும் இரண்டு முழத்துக்கு வெறும் இடைவெளிதான். அடுப்புக்கு நெருப்புத் துண்டு, ஒரு கை புளி, பேச்சு, சிரிப்பு எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வந்தன. புகையும் அதே வழியாகப் போகும்.

வரிசையின் கடைசி வீடான சென்னம்மாள் வீட்டில் பட்டுப்புழு வளர்ந்தது. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வாழ வந்தவள், பிள்ளை இல்லை, புருஷன் வண்டி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பான். மூங்கில் தட்டுகளில் நெளிகிற புழுக்களைத்தான் "என் பசங்க" என்பாள். நொச்சிப் புகை சிறிது பட்டாலும் அவை தலையைத் தூக்கிக்கொண்டு இலை தின்னாமல் நின்றுவிடும்.

"கொசு பிடுங்குதே அக்கா. நாணி தூங்கவே மாட்டேங்குது" என்றாள் சம்பங்கி.

"துப்பட்டியைப் போத்திவிடு கண்ணு. கூடு கட்டிட்டா அப்புறம் நீ வூட்டையே கொளுத்து, நான் கேக்கமாட்டேன். இன்னொண்ணு. மலேரியாக்காரங்க வர்றாங்களாம், செவுத்துக்கு மருந்தடிக்க. உங்க வூட்டுல அடிச்சா சாரல் மேல ஏறி இங்க வந்து வுழும். என் பசங்க ஒண்ணுகூடத் தேறாது. வேண்டாம்னு சொல்லிடு. ஏதாவது ஒண்ணு ஆனா, நான் வந்து என் வாயால சொல்றேன், நான்தான் சொல்லச் சொன்னேன்னு."

சம்பங்கி தலையை ஆட்டினாள். அவளுக்குப் பதினைந்து வயது. ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது குளிர் ஜுரம் நாற்பது நாள் அவளைப் படுக்கையில் போட்டது. பரீட்சை போயிற்று. திரும்பவும் போய்த் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரக் கூச்சப்பட்டு நின்றுவிட்டாள். அதன் பிறகு வெளியாள் யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். அவளிடம் ஊரில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. சென்னம்மாள் ஒருத்திதான் பேசினாள், தலை வாரிவிட்டாள், "நீ என் கூடப் பொறந்தவ" என்றாள். கூடப் பிறந்தவள் கேட்டால் பதினைந்து நாள் என்ன, ஒரு மாதமே புகை போடாமல் இருக்கலாம் என்று சம்பங்கிக்குத் தோன்றியது.

அம்மா நஞ்சம்மாவும் அப்பா கங்கப்பனும் விடியும்போதே நாராயணப்பன் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். நாணி என்று கூப்பிடும் ஐந்து வயதுத் தங்கை நாராயணம்மாவைப் பார்த்துக்கொள்வதும், வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் பார்ப்பதும் சம்பங்கியின் வேலை. மாட்டுத் தொட்டியை வாரத்துக்கு ஒரு தடவை கவிழ்த்தாள். உடைந்த சட்டிகளைக் குப்புறப் போட்டாள். சாக்கடைக் குழியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாள். ஐப்பசி மழை அவள் கவிழ்த்ததையெல்லாம் விட்டுவிட்டு வேறு பள்ளத்தைப் பார்த்து நிரப்பியது. பொழுது சாய்ந்ததும் கொசு ரீங்காரமிட்டது.

"புகைச்சட்டி எங்கடி?" என்றாள் அம்மா.

"நொச்சி ஈரமா இருக்கும்மா. புகையவே மாட்டேங்குது."

அம்மாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அடுத்த நாளும் அதையே சொன்னாள். பிறகு அம்மா கேட்கவில்லை. மழைக் காலத்தில் எல்லாம் ஈரமாகத்தானே இருக்கும்.

ஐந்தாம் நாள் காலை சென்னம்மாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அத்திப்பள்ளியில் அவள் அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், பொழுதோடு வந்துவிடுவாளாம். "கதவைப் பூட்டிட்டுப் போறேன். நீ செவுரு ஏறி உள்ள போயி மூணு வேளைக்கும் இலை போட்டுடு. காஞ்ச இலை வேண்டாம், ஈரம் தொடச்ச இலை."

சம்பங்கி உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். தோலுரிக்கிற கடைசித் தூக்கம் விழித்த புழுக்கள் விரல் நீளத்துக்கு வெளுத்துக் கிடந்தன. முசுக்கொட்டை இலையைப் பரப்பியதும் அவை தின்கிற சத்தம் ஓட்டில் தூறல் விழுகிற மாதிரி கேட்டது. கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்போதுதான் வெளியே ஜீப் வந்து நின்றது. அவசரமாகச் சுவரேறித் தன் வீட்டுக்குள் குதித்தாள்.

மலேரியா இன்ஸ்பெக்டர் கையில் நோட்டோடு நின்றார். பம்பு தூக்கிய மெஹபூப் பாஷா வாளியில் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். கிருஷ்ணகிரிக்காரன்; வாய் ஓயாதவன்.

"சாமான் சட்டியெல்லாம் வெளிய எடுத்து வைம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

சம்பங்கி கதவைப் பாதி சாத்தி, பின்னால் நின்று, "வேண்டாம்" என்றாள்.

"என்னா வேண்டாம்?"

"மருந்து."

"பெரியவங்க இல்லையா வீட்ல?"

"அவங்களும் வேண்டாம்னுதான் சொன்னாங்க." இது இரண்டாவது பொய்.

மெஹபூப் பாஷா சிரித்தான். "ஏம்மா, உங்க வூட்டுக் கொசுவுக்கு நீதான் காவலா? சம்பளம் எவ்ளோ தருது?"

வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சம்பங்கிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கதவை மட்டும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். மருந்தடித்த வீடுகளின் வாசலோரம் காவிக்கட்டியால் தேதி போட்டார். சென்னம்மாள் வீட்டுப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அங்கே 'பூ' என்று எழுதினார். சம்பங்கி வீட்டு வாசலில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. சென்னம்மாள் சாயங்காலம் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "என் வம்சத்தையே காப்பாத்திட்ட" என்றாள். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

புழுக்கள் பழுத்துக் கூடு கட்டின. மஞ்சள் கூடுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு சென்னம்மாள் வண்டியேறிய அன்றுதான் நாணிக்கு முதல் குளிர் வந்தது.

அந்தக் குளிரைச் சம்பங்கிக்குத் தெரியும். எலும்புக்குள்ளிருந்து வருவது அது. மூன்று துப்பட்டியைப் போட்டு மேலே தானும் படுத்து அமுக்கினாள். அடியில் குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியது. பிறகு நெருப்பாகக் கொதித்தது. பிறகு வேர்த்துக் கொட்டி, துவண்டு தூங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதேதான். ஓசூரிலிருந்து கொயினா மாத்திரை வாங்கி வந்தார்கள். வெல்லத்தில் பொதிந்து கொடுத்தாலும் கசப்பு தெரிந்து நாணி துப்பினாள்.

"அக்கா, நீ வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்றியா?" என்று சுவருக்கு மேல் கேட்டாள் சம்பங்கி.

"சொல்றேன் கண்ணு. குழந்தைக்கு முதல்ல உடம்பு தேறட்டும்."

பத்து நாள் கழித்து ஜீப் மறுபடியும் வந்தது. அன்று மழை என்று தோட்டத்தில் வேலை இல்லை. கங்கப்பன் வீட்டில் இருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் நனைந்துகொண்டே ஓடினான்.

"சாமி, எங்க வூட்டுக்கு அடிக்கணும். குழந்தை குளிர் ஜுரத்துல கெடக்குது."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்தார். "உங்க வீட்ல மறுத்துட்டீங்கய்யா. இன்னைக்குப் பூட்டின வீடுகளுக்கு மட்டும்தான் மருந்து எடுத்து வந்திருக்கேன். மறுத்த வீட்டுக்கு அடுத்த வருஷச் சுற்றுலதான்."

"யாரு மறுத்தது?" கங்கப்பன் திரும்பினான். "யாருடி வேண்டாம்னது?"

சம்பங்கி கதவை விட்டு வெளியே வந்து நின்றாள். சென்னம்மாள் தன் வாசல் தாழ்வாரத்தில், தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, மருந்தடிக்கத் தயாராக நின்றிருந்தாள். சம்பங்கி அவளையே பார்த்தாள். நான் வந்து என் வாயால சொல்றேன். இப்போது அந்த வாய் திறக்கும் என்று காத்திருந்தாள்.

வாய் திறக்கத்தான் செய்தது. "சின்னப் பொண்ணுதானே மாமா, வுடுங்க. பம்பைப் பார்த்துப் பயந்திருக்கும்" என்றாள் சென்னம்மாள். சொல்லிவிட்டுத் தட்டு ஒன்றைத் தட்டித் துடைத்தாள்.

கங்கப்பன் கை ஓங்கினான், அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனான்.

மெஹபூப் பாஷாதான் மருந்து கலக்கியபடி சம்பங்கியிடம் தணிந்த குரலில் சொன்னான். அன்று கேலி பேசியது அவனுக்கே உறுத்தியிருக்க வேண்டும். "இஷ்டமில்லன்னா பூட்டிட்டுப் போயிருக்கலாமே தங்கச்சி. பூட்டின வூட்டுக்கு மறுபடியும் வருவோம். அந்தம்மா அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பூட்டுச்சு. முந்தின நாள் பாதையில என்னை நிறுத்தி, பூட்டினா எத்தனை நாள்ல வருவீங்க, மறுத்தா எப்ப வருவீங்கன்னு கேட்டுச்சு. ரெண்டையும் நான்தான் சொன்னேன். உன்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு பூட்டு இருந்தது. நாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் சம்பங்கியும் போய்விட்டால் புழுக்களுக்கு மூன்று வேளை இலை போட யார் இருப்பார்கள்? சம்பங்கி அதை இப்போதுதான் கணக்காகப் புரிந்துகொண்டாள்.

சென்னம்மாள் வீட்டில் மருந்தடித்தார்கள். 'பூ'வை அழித்துத் தேதி எழுதினார்கள். அன்று மாலை, மருந்து வாடை பொறுக்காத கொசுக்கள் அங்கிருந்து கிளம்பிச் சுவர் இடைவெளி வழியாகக் கூட்டமாக இந்தப் பக்கம் வந்தன. நாணியின் முகத்தில் உட்கார்ந்தவற்றைச் சம்பங்கி முந்தானையால் ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஓட்டியபடியே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புகையை, ஈரம் என்ற பொய்யை, சுவரேறி இலை போட்டதை, பூட்டை.

நஞ்சம்மா அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. "அவளைக் கேக்கறது அப்புறம்" என்றாள். "நீ எந்த வூட்டுப் பொண்ணு? அதைச் சொல்லு முதல்ல."

மறுநாள் மழை விட்டிருந்தது. சம்பங்கி ஏரிக்கரையிலிருந்து ஏழு கூடை களிமண் சுமந்து வந்தாள். கேழ்வரகுத் தாளை நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்தாள். சுவரேற உதவிய அதே உரலைப் போட்டு, அதன்மேல் நின்று, இடைவெளியை ஒரு மூலையிலிருந்து அடைத்துக்கொண்டு வந்தாள். தாளும் மண்ணுமாக உருட்டி வைத்து, உள்ளங்கையால் அறைந்தாள். நாணி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குக் குளிர் வராத நாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு முழம் அகலம் மீதி இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. சென்னம்மாள் ஒரு கட்டுப் பச்சை நொச்சித் தழையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். புகை போட இனிமேல் தடை இல்லை.

சம்பங்கி திரும்பிப் பார்த்தாள். கூச்சம் அவளை விட்டுப் போயிருந்தது, கண்ணை எடுக்கவில்லை. பிறகு குனிந்து மீதி உருண்டைகளை எடுத்து, அந்த ஒரு முழத்திலும் வைத்து அறைந்தாள்.

சென்னம்மாள் தழைக் கட்டை வாசற்படியில், அழியாமல் கிடந்த பெருக்கல் குறிக்குக் கீழே வைத்தாள். பேச வாயெடுத்தவள் மாதிரி ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.