சாம்பியன் வீட்டு டிவி

சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு புது டிவி வந்து இறங்கிய நாளிலிருந்து அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பால் வாங்கப் போன இடத்தில்கூட அங்குலக் கணக்கு சொன்னார். அந்த வாய்தான் வம்பையும் விலைக்கு வாங்கியது. "சின்ன வயசுல குத்துச்சண்டை கேம்ல நான்தான் சாம்பியன். இவ ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்ல" என்று, தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மனைவியிடம் அளந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை, பரணில் கிடந்த பழைய கேம் பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

அந்தக் காலத்தில் அவளிடம் கொடுத்த இரண்டாவது கன்ட்ரோலரை அண்ணன் பெட்டியில் சொருகியதே இல்லை. ஒயரைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, திரையில் மரம் மாதிரி நின்ற அவள் ஆளைக் குத்திக் குத்தித்தான் சாம்பியன் ஆகியிருந்தார். படம் வந்து ஆட்டம் தொடங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே படம் வரக் கூடாது.

"கேம் ஒயரோட மஞ்சள் பின்னுக்கு இதுல ஓட்டையே இல்லம்மா. புது டிவில எல்லாம் எடுத்துட்டாங்க" என்றார், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு.

"பச்சை ஓட்டைல சொருகுண்ணா. பக்கத்துலயே வீடியோன்னு போட்டிருக்கு பாரு."

சொருகினார். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. "பாத்தியா, கலர் செத்துப்போச்சு!" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தங்கை ரிமோட்டை வாங்கி, படம் எந்த வழியாக வருகிறது என்ற இடத்தில் காம்பொனென்ட் என்று இருந்ததை ஏவி என்று மாற்றினாள். கலர் வந்தது. ஆனால் ஆட்கள் பூசணிக்காய் போல் பருத்திருந்தார்கள். "இதைப் பாத்தா எனக்குக் கண்ணு வலிக்குது" என்றார். அவள் படத்தின் அளவை நாலுக்கு மூணு என்று வைத்தாள். ஆட்கள் இளைத்தார்கள்.

"பட்டனை அமுக்கினா குத்து லேட்டா விழுது. இதுல மனுஷன் ஆட முடியாது" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார். அவள் கேம் மோடைப் போட்டாள். குத்து உடனே விழுந்தது.

"இவ்வளவு பெரிய டிவி வாங்கினீங்களே, அந்த ரிமோட்டையும் கொஞ்சம் பாத்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

தங்கை இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தாள். முதலாவதைச் சொருகும்போது அதன் பின் கறுத்துத் தேய்ந்திருந்தது. இதன் பின்னோ கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தது போலவே பளபளத்தது.

"அது வந்து..." என்று இழுத்தார் அண்ணன்.

"தெரியும்ணா. அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்த?"

"தோத்தா நீ அழுவ. அம்மா என்னைத்தான் திட்டுவாங்க" என்றபடி பின்னை நிதானமாகச் சொருகினாள். "இப்போ அம்மா இல்ல. ஆடு."

மூச்சு விடுவதற்குள் சாம்பியன் மல்லாந்து கிடந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "படம் ஒரே மங்கலா இருக்கு. டிவிலதான் ஏதோ கோளாறு" என்றார்.

மனைவி அவரை உற்றுப் பார்த்துவிட்டுத் துண்டை நீட்டினாள்.

"டிவி நல்லாத்தாங்க இருக்கு. கண்ணைத் துடைங்க."