மஸ்கட்டில் ஒரு தும்மல்

"மஸ்கட்ல ஒருத்தன் தும்மினா விருத்தாசலத்துல எனக்குத் தெரியும், பாய்!"

பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்து ஓய்வுபெற்ற பச்சமுத்து இப்படித்தான் அளப்பார். தன் சூளை வெளிச்சத்தைப் பார்த்து அடுத்த ஊரான பெண்ணாடத்துக் கோழிகள் விடிந்துவிட்டதென்று கூவின என்றவர். இப்போது ஊறுகாய் ஜாடி விற்க ஒரு வெப்சைட் வைத்திருந்தார்.

மளிகைக்கடை நாசர் அவர் பேச்சில் ஒரு சொல்லையும் நம்பியதில்லை. இன்று சிரிக்கவும் முடியவில்லை. பக்கத்தில் அக்கா சம்சாத் பேகம். மஸ்கட்டுக்குப் போன அவள் மகன் அஷ்ஃபாக்கிடமிருந்து பத்தொன்பது நாளாக ஃபோன் இல்லை. வேலை பார்த்த கடையில், 'இங்கே இல்லை' என்று ஃபோனை வைத்துவிட்டார்கள்.

பச்சமுத்து லேப்டாப்பைத் திருப்பினார். "வெப்சைட்டுக்கு வர்றவங்க எந்த ஊரு, எந்தப் பக்கத்தப் பாத்தாங்க, எத்தன நிமிஷம், எல்லாம் பதிவாவுது."

"வேட்டி கலரும் தெரியுமாண்ணே?" என்றார் நாசர்.

"நேத்து விருத்தாசலத்துலேருந்து ஒருத்தரு ஜாடி விலைய ஆறு தடவ பாத்துட்டு வாங்காமப் போனாரு. பேரு வரல பாய். ஆளு தெரியுது."

நாசருக்குக் காது சுட்டது.

"இத பாருங்க. மஸ்கட். ஒரு வாரமா தெனம் மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு. சோதனைப் பக்கம்."

வெப்சைட்டைச் செய்துகொடுத்த அஷ்ஃபாக், படம் சரியாக வருகிறதா என்று பார்க்கப் போட்டு, அழிக்காமல் விட்ட பக்கம் அது. முகவரி அவனுக்கும் பச்சமுத்துவுக்கும் மட்டுமே தெரியும். அதில் ஒரே படம்: ஜாடியை இடுப்பில் வைத்துச் சிரிக்கும் சம்சாத்.

"ஏதாச்சும் மெஷின் பாத்திருக்கும்," என்றார் நாசர். நம்பி ஏமாந்தால் அக்கா தாங்கமாட்டாள்.

சம்சாத் நிமிர்ந்தாள். "அண்ணே, அந்தப் படத்துக்குக் கீழ எழுதுங்க. வேல போனா போவுது. யாரும் திட்டமாட்டாங்க. ஒரு ஃபோன் பண்ணு."

பச்சமுத்து இரண்டு விரலால் தட்டி முடித்தார்.

ஒன்றே முக்கால். திரையில், இப்போது பார்ப்பவர்கள்: பூஜ்யம். ஐந்து நிமிடம் போனது. பூஜ்யம். மூடிவிடலாமென்று நாசர் கை நீட்டினார். அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பூஜ்யம் ஒன்றானது. மஸ்கட்.

ஒரு நிமிடம். இரண்டு. நான்கு. மணிமுத்தாறே ஓடாமல் நின்று காது கொடுத்திருக்கும். பிறகு ஒன்று மறுபடி பூஜ்யமானது.

"போயிட்டான்," என்று சம்சாத் முகத்தை மூடினாள். "படிச்சுட்டும் போயிட்டான்."

நாசர் பச்சமுத்துவை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேசைமேல் சம்சாத்தின் ஃபோன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்தியது.

முதலில் பேச்சு வரவில்லை. ஒரு பெரிய தும்மல்தான் வந்தது.

"ம்மா... சளி புடிச்சிருக்குது. வேல போயிடுச்சும்மா. சொல்ல வாய் வரல. தெனம் ஒன் மொகத்த மட்டும் பாத்துக்குவேன்."

மறுநாள் டீக்கடையில், அந்தத் தும்மலில் தன் வீட்டு ஜாடி நாற்பதும் ஆடியதாகப் பச்சமுத்து சத்தியம் செய்துகொண்டிருந்தார். எல்லோரும் நாசரைப் பார்த்தார்கள்.

நாசர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஜாடி ஆடினது பொய்யி. ஆனா புள்ள தும்முனான். எங்களுக்கு முன்ன இவருக்குத்தான் தெரிஞ்சுது. நான் பக்கத்துலதான் இருந்தேன்."