ஆண்ட்ரோமெடாவுக்கு ஒத்தடம்

கேமராவைக் குனிந்து பார்த்தால் கணவன் இளஞ்செழியனுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் கல்வராயன் மலைக்குக் கிளம்பும்போதே ராதிகா உப்பை வறுத்து, துணியில் மூட்டை கட்டி, ஹாட்பேக்கில் வைத்துக்கொண்டாள்.

ஆண்ட்ரோமெடா கேலக்சியை ரெண்டு மணி நேரம் விடாமல் படமெடுக்க வேண்டும். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே லென்ஸில் பனி படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது.

"எல்லாம் போச்சு," என்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

ராதிகா உப்பு மூட்டையை எடுத்து லென்ஸைச் சுற்றிக் கட்டினாள். பனி விலகியது. கடைசியில் கேமராத் திரையில் கேலக்சி புகைபோல் தெரிந்தது.

"ஏங்க, வானத்தப் பாக்க வந்துட்டு என்னையே பாத்துக்கினு இருக்கீங்க?"

"கழுத்து நிமிர மாட்டேங்குது. ஒத்தடத்த அதுக்குக் குடுத்துட்டியே."

ராதிகா உள்ளங்கைகளைச் சூடேறத் தேய்த்தாள்.

"வேணாம், ராதிகா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."