குவானின் பானை

எட்டாம் மாதம் ஒன்பதாம் நாள், புல்லில் பனி உலரும் முன்பே வீட்டுப் பதிவைச் சரிபார்க்கும் அரசு எழுத்தர் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்.

ஒரு வீட்டில் வளர்ந்த ஆண்கள் இருவர் இருந்தால் வரி இரட்டிப்பு. ஆகவே என் கணவர் ஹெங்கும் கொழுந்தன் குவானும் போன குளிர்காலத்தில் பிரிந்துவிட்டார்கள். பதிவில் மட்டும். முற்றத்தின் குறுக்கே இடுப்பளவு மண்சுவர் எழுப்பினோம். குவான் பக்கம் ஓர் அடுப்பும் கட்டினோம். இரண்டு அடுப்புக்கு விறகு கிடையாது. அவனும் என் அடுப்புக் கஞ்சியைத்தான் குடித்தான்.

பொய்ப் பதிவு என்று தெரிந்தால் ஹெங்கை எல்லைச் சுவர் கட்ட அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன மூவரும் திரும்பவில்லை.

விடியும்போதே என் அடுப்புச் சாம்பலை அள்ளி குவானின் அடுப்பில் கொட்டியிருந்தேன். அடுப்பு வாயில் கரியும் பூசினேன்.

எழுத்தர் மரப்பலகைகள் கோத்த பதிவுச் சுவடியை இடுக்கிக்கொண்டு குவான் பக்கம் வந்தார். பின்னால் ரென் வந்தார். எதிர்வீட்டுக்காரர், எங்கள் ஐந்து வீட்டுக் குழுவின் தலைவர். ஒரு வீட்டின் குற்றத்தை மறைத்தால் தலைவருக்கும் அதே தண்டனை.

எழுத்தர் குவானின் அடுப்புச் சாம்பலைக் கிளறினார். பிறகு அடுப்பின் மேலிருந்த பானையைத் தூக்கிக் கவிழ்த்தார். அடிப்பக்கம் சிவப்பாக, சுத்தமாக இருந்தது.

பானையின் அடியில் கரி பூச மறந்திருந்தேன்.

"ஏம்ப்பா குவான், நீ தீயில்லாமலே கஞ்சி காய்ச்சுவியா?"

"புதுப் பானைங்கய்யா. பழசு ஒடஞ்சு போச்சு."

"எப்ப?"

"நேத்து. இல்லீங்க, முந்தாநேத்து."

"ஓடு எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்."

"ஒடஞ்ச பானைய ஆத்து வரைக்கும் சொமந்துட்டுப் போனியா? பெரிய மனசுய்யா உனக்கு."

குவான் என்னைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. சுவருக்கு இந்தப் பக்கம் ஹெங்கின் விரல்கள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

ரென் தினமும் காலையில் என் அடுப்பில்தான் நெருப்பு வாங்குவார். போன மாதம்கூடச் சிரித்தார்: "பிரிஞ்ச குடும்பத்துக்கு ஒரே அடுப்பா? நல்லாத்தான் பிரிஞ்சீங்க, தங்கச்சி."

இப்போது அவர் சிரிக்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுத்தர் பானையைக் கீழே வைத்தார். மையில் தூரிகையைத் தோய்த்தார்.

"ரென், உன் வாசல்லேர்ந்து பாத்தா இந்த முற்றம் முழுசாத் தெரியும். காலையில இங்க எத்தன எடத்துல பொகை வருது?"