பழைய பதினான்கு இஞ்ச் சக்கரங்கள்

வெர்னனின் அறுபத்தேழாம் வருடத்துக் காருக்குப் பெரிய சக்கரம் போடச் சொன்னதே ராய்ஸ்தான். முப்பது வருடச் சிநேகிதன். அவனிடமும் அதே மாடல் கார். பழைய கார்களுக்கான ஜூன் மாதப் போட்டியில் அந்த வருடமாவது வண்டியை நிறுத்த வேண்டும் என்று வெர்னன் துடித்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டான்.

"போல்ட் ஓட்டைகிட்ட விரிசல்டா. இதுலயா லொரெட்டாவ உக்கார வச்சு ஓட்டுற?"

மனைவி பெயரைக் கேட்ட பிறகு வெர்னன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. புத்தி எங்கே போயிற்றோ!

சும்மா சொல்லக்கூடாது, ராய்ஸ் வேலைக்காரன். "பதினேழு இஞ்ச் போடு. சக்கரம் பெருசானா டயர் உசரம் குறையணும். மொத்த உசரம் அதே இருபத்தாறு இஞ்ச் சொச்சத்துல நிக்கணும், இல்லேன்னா ஸ்பீடாமீட்டர் தப்பா காட்டும்" என்று மூன்று சனிக்கிழமை கேரேஜிலேயே கிடந்து அளந்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் டயர் எங்கும் உரசவில்லை. பழைய நாலையும் தானே இரும்புக்கடையில் போடுவதாக ஏற்றிக்கொண்டு போனான்.

போட்டியில் பெரிய கோப்பை, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்குத்தான். சக்கரம் மாற்றிய வெர்னன், லொரெட்டாவோடு வேடிக்கை பார்க்கத்தான் போனான். ராய்ஸின் காருக்கடியில் நடுவர் டார்ச்சோடு படுத்து, சக்கரத்தில் குத்தியிருந்த தயாரிப்புத் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். காற்றடைக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு. லொரெட்டாவின் நகப்பூச்சு. டயர் மாற்றும்போது அடையாளத்துக்கு அவளே வைத்தது.

"நாலும் ஒரே தேதி, பிரமாதம்" என்றார் நடுவர். "ஸ்டெப்னியக் காட்டுங்க. அதுவும் அதே தேதியா இருக்கணும்."

ராய்ஸிடம் இருந்த ஸ்டெப்னி வேறு தேதி. கூட்டத்தில் வெர்னனைப் பார்த்ததும் அவன் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"உன் டிக்கில இருக்கிற ஸ்டெப்னிய பத்து நிமிஷம் குடுடா."

"விரிசல்னியே?"

ராய்ஸ் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா."

"குடுத்திருக்க மாட்ட. அந்தச் சக்கரத்தோட நீதான இந்த வரிசைல நின்னிருப்ப?"

முப்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவன். வெர்னன் தன் கார் நின்ற இடத்துக்கு நடந்தான். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு போய் நடுவர் காலடியில் சாய்த்தான். பொட்டுக்குப் பக்கத்தில் பொட்டு.

"இது அஞ்சாவது சார். மத்த நாலும் மார்ச் வரைக்கும் என் வண்டியில ஓடுச்சு. விரிசல்னு பொய் சொல்லி வாங்கிட்டுப் போனான்."

நடுவர் ராய்ஸின் மதிப்பெண் தாளில் குறுக்கே கோடு போட்டு, மடித்துப் பையில் வைத்தார். ராய்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், வெர்னன் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் பக்கத்து சீட்டிலிருந்து லொரெட்டா கேட்டாள். "வண்டி நல்லாத்தான ஓடுது, ஏன் அழற?"

ஸ்பீடாமீட்டர் முள் அறுபதில் அசையாமல் நின்றது.

"அளவுல மட்டும் அவன் ஏமாத்தல, லொரெட்டா."